பாதுகாப்பு நிரலகங்களில் சுருங்குறித்தொடர்ப் பொருத்தம்: தமிழ் உள்ளீட்டின் நோக்கில் வேகமும் இழைப் பாதுகாப்பும்

ஆய்வுச் சுருக்கம்

இணையதளங்களுக்கு வரும் உள்ளீட்டைச் சோதிக்கும் பாதுகாப்பு நிரலகங்கள் பெரும்பாலும் ரெஜெக்ஸ் எனப்படும் சுருங்குறித்தொடர்களைக் கொண்டே இயங்குகின்றன. ஒரு தொடர் எவ்வளவு விரைவாகப் பொருத்தப்படுகிறது என்பதும், பல இழைகள் ஒரே வேளையில் அதனைப் பயன்படுத்தும்போது விடை மாறாதிருக்கிறதா என்பதும் தனித்தனிச் சிக்கல்களாகவே கருதப்பட்டு வருகின்றன. இவ்விரண்டும் ஒன்றையொன்று சார்ந்தவை என்பதையும், தமிழ் எழுத்துகள் கணினியில் குறியேற்றப்படும் முறை இச்சிக்கலின் அளவை மிகுவிக்கிறது என்பதையும் இக்கட்டுரை விளக்குகிறது. தென்காசி மாவட்டத்தின் திருவேங்கடம், சங்கரன்கோவில் ஆகிய இரு ஊர்ப்பெயர்கள் எடுத்துக்காட்டுகளாகக் கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: சுருங்குறித்தொடர், பின்வாங்கித் தேடல், இழைப் பாதுகாப்பு, ஒருங்குறி, இயல்பாக்கம், பாதுகாப்பு நிரலகம்.

முன்னுரை

கல்லூரிச் சேர்க்கைப் படிவம், நூலகப் பட்டியல், மின்னிதழுக்குக் கட்டுரை அனுப்பும் பக்கம் எனத் தமிழில் உள்ளீடு பெறும் தளங்கள் பெருகியுள்ளன. இத்தளங்களின் வாயிலில் ஒரு காவல் நிரல் நிற்கிறது. வரும் உரையில் தீங்கான கட்டளை ஒளிந்துள்ளதா, பெயர்க் கட்டத்தில் பெயருக்குரிய எழுத்துகள்தாம் உள்ளனவா என்பன போன்ற வினாக்களுக்கு அது விடை காண்கிறது. 2002ஆம் ஆண்டு இவான் ரிஸ்டிச் தொடங்கி, 2024 சனவரியில் ஓவாஸ்ப் அமைப்பின் பொறுப்புக்கு வந்த மாட்செக்யூரிட்டி இவ்வகைக் காவலுக்குப் பரவலாக அறியப்பட்ட எடுத்துக்காட்டாகும்.

காவல் நிரலின் விடை சரியாக இருந்தால் மட்டும் போதாது. அது உரிய நேரத்தில் கிடைக்கவும் வேண்டும். ஒரே நேரத்தில் நூறு பேர் வந்தாலும் ஒருவருக்குரிய விடை மற்றொருவருக்குச் சென்றுவிடக் கூடாது. முன்னது வேகம், பின்னது இழைப் பாதுகாப்பு. இவை தமிழ் உள்ளீட்டில் எவ்வாறு சோதனைக்குள்ளாகின்றன என்பதே இக்கட்டுரையின் பொருள்.

1. சுருங்குறித்தொடரும் இருவகைப் பொருத்தமுறைகளும்

எழுத்துகள் எந்த வரிசையில் அமையலாம் என்பதைச் சில குறிகளால் சுருக்கிச் சொல்வதே சுருங்குறித்தொடர். இக்கருத்து தமிழ் ஆய்வாளர்க்குப் புதிதன்று. மொழிக்கு முதலில் வரும் எழுத்துகள் இவை, இறுதியில் வரும் எழுத்துகள் இவை, இடையில் மயங்கும் மெய்கள் இவை என்று தொல்காப்பிய எழுத்ததிகாரம் வகுக்கும் விதிகளைப் பெரும்பாலும் சுருங்குறித்தொடர்களாகவே எழுதிவிட முடியும். கணிதத்தில் இதற்குரிய அடிப்படையை ஸ்டீபன் கிளீனி 1950களில் அமைத்தார். 1968இல் கென் தாம்சன் இதனை உரைத்தேடலுக்குரிய வழிமுறையாக்கினார்.

பொருத்தும் இயந்திரங்கள் இருவகைப்படும். தாம்சன் வழியில் அமைந்த முடிவுறு தானியங்கி, சாத்தியமான நிலைகள் அனைத்தையும் ஒருசேரக் கொண்டு உரையை இடமிருந்து வலமாக ஒருமுறை மட்டும் கடக்கிறது. உரை இருமடங்கானால் நேரமும் ஏறத்தாழ இருமடங்காகும். கூகுள் 2010இல் திறமூலமாக வெளியிட்ட ஆர்இ2 நிரலகம் இவ்வகையது. மற்றொன்று பின்வாங்கித் தேடும் இயந்திரம். இது ஒரு வழியைத் தேர்ந்து முன்செல்லும். முட்டினால் திரும்பி வந்து அடுத்த வழியை முயலும். பிசிஆர்இ2 நிரலகத்தின் இயல்பான பொருத்தமுறையும் ஜாவா, பைத்தான் ஆகிய மொழிகளின் உள்ளமைந்த இயந்திரங்களும் இவ்வழியைப் பின்பற்றுகின்றன. முன்னர்ப் பொருந்திய பகுதியைப் பின்னர்ச் சுட்டுதல் போன்ற வசதிகளைப் பின்வாங்கித் தேடல் தருகிறது. தானியங்கி முறை அவற்றைத் தருவதில்லை. இவ்வசதிக்கு விலை உண்டு. சில தொடர்களில் முயல வேண்டிய வழிகளின் எண்ணிக்கை உரையின் நீளத்துக்கேற்ப அடுக்கடுக்காகப் பெருகிவிடும்.

2. ஒரு சொல்லின் நான்கு நீளங்கள்

உரையின் நீளம் என்பதே தமிழில் ஒற்றைப் பொருள் உடையதன்று. 'திருவேங்கடம்' என்னும் பெயரைத் தமிழறிந்தவர் தி, ரு, வே, ங், க, ட, ம் என ஏழு எழுத்துகளாக எண்ணுவர். ஒருங்குறியில் உயிர்மெய் தனிக் குறியெண் பெறுவதில்லை. அகரமேறிய மெய்யும் அதனை அடுத்து வரும் உயிர்க்குறியும் அல்லது புள்ளியும் தனித்தனிக் குறியெண்கள். எனவே இச்சொல்லில் 12 குறியெண்கள் உள்ளன. யுடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறியெண் ஒவ்வொன்றும் 3 பைட்டுகள் பெறுவதால் சொல்லின் நீளம் 36 பைட்டுகள். இணைய முகவரியில் விழுக்காட்டுக் குறியேற்றம் பெறும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு விழுக்காட்டுக்குறியும் இரு பதினறும இலக்கங்களுமாக விரிகிறது; அப்போது நீளம் 108.

இவ்வேறுபாடு இரு விளைவுகளை உண்டாக்குகிறது. முதலாவது, விடையின் பிழை. பைத்தான் மொழியின் உள்ளமைந்த நிரலகத்தில் 'சொல்லெழுத்து' என்னும் வகுப்பு உயிர்க்குறிகளையும் புள்ளியையும் ஏற்பதில்லை. அவ்வகுப்பைக் கொண்டு சொற்களைப் பிரித்தால் 'திருவேங்கடம்' என்பது த, ர, வ, ங, கடம என ஐந்து துண்டுகளாகச் சிதறும். அகரம் முதல் ஹகரம் வரை என வீச்சு குறித்து எழுதுவோரும் இதே இடரில் வீழ்கின்றனர். உயிர்க்குறிகள் ஹகரத்துக்குப் பின்னரே இடம்பெற்றுள்ளன. பெயர்ச் சரிபார்ப்பில் இவ்விதி அமைந்தால், முறையான தமிழ்ப் பெயர் தீங்கான உள்ளீடாக மறுக்கப்படும். இரண்டாவது விளைவு நேரத்தைச் சார்ந்தது; அது நான்காம் பகுதியில் விளக்கப்படும்.

3. பொருத்தத்திற்கு முன் இயல்பாக்கம்

'சங்கரன்கோவில்' என்னும் பெயரில் மற்றொரு நுட்பம் உள்ளது. இதிலுள்ள ஓகாரக் குறியை ஒரே குறியெண்ணாகவும் எழுதலாம். ஏகாரக் குறியும் ஆகாரக் குறியுமாக இரு குறியெண்களாகவும் எழுதலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். முதல் வடிவில் 13 குறியெண்கள், 39 பைட்டுகள். இரண்டாம் வடிவில் 14 குறியெண்கள், 42 பைட்டுகள். ஒரு வடிவுக்கு எழுதிய தொடர் மற்றதனோடு பொருந்தாது. ஒருங்குறித் தரம் இவ்விரு வடிவங்களும் நிகரானவை என வரையறுத்து, அவற்றை ஒரே வடிவுக்குக் கொணரும் இயல்பாக்க விதிகளையும் வகுத்துள்ளது. 'பக்‌ஷி' போன்ற சொற்களில் கூட்டெழுத்தைத் தவிர்க்க இடப்படும் அகலமற்ற பிரிப்புக்குறியும் கண்ணுக்குப் புலப்படாமல் உரைக்குள் இருப்பதே.

இயல்பாக்கத்தைப் பொருத்தத்துக்கு முன் செய்ய வேண்டும் என்பது தமிழுக்கு மட்டும் உரிய விதியன்று. இதே தென்காசி மாவட்டத்தின் மத்தளம்பாறையில் அலுவலகம் கொண்டுள்ள ஜோஹோ நிறுவனத்தின் மேனேஜ்எஞ்ஜின் பிரிவு வெளியிடும் ஏடிசெல்ஃப்சர்வீஸ் பிளஸ் மென்பொருளில், 2021இல் சிவிஇ-2021-40539 எனப் பதிவான குறை இதற்குச் சான்று. இணைய முகவரிகளைச் சரிபார்ப்பதற்கு முன் இயல்பாக்குவதில் இருந்த பிழையால், உள்நுழைவுச் சோதனையைத் தாண்டிச் செல்ல வழி ஏற்பட்டது. 6113ஆம் பதிப்பு வரை இருந்த இக்குறையை நிறுவனம் அவ்வாண்டு செப்டம்பரில் 6114ஆம் பதிப்பில் களைந்தது. அமெரிக்காவின் இணையவெளிப் பாதுகாப்பு முகமையும் அம்மாதத்திலேயே பயனர்களை எச்சரித்தது. பாதைக் குறியீடாயினும் ஓகாரக் குறியாயினும், ஒரே பொருளுக்குப் பல வடிவங்கள் இருக்கும் இடத்தில் முதலில் ஒரு வடிவுக்குக் கொணர்ந்து, பின்னரே காவல் விதியைப் பொருத்த வேண்டும்.

4. வழிகள் பெருகும் விதம்

பெயர்க் கட்டத்தைச் சரிபார்க்க நிரலாளர் இயல்பாக எழுதும் ஒரு தொடரைக் காண்போம். தமிழ்த் தொகுதியின் எந்தக் குறியெண்ணையும் 'த' என்னும் எழுத்து குறிப்பதாகக் கொண்டால், அத்தொடர் இது:

^(த+ ?)+$

ஒன்றோ பலவோ எழுத்துகள், அதன்பின் இருந்தால் ஓர் இடைவெளி, இவ்வமைப்பு ஒருமுறையோ பலமுறையோ வரலாம் என்பது இதன் பொருள். பார்வைக்குக் குறையற்றது. ஆயின் இடைவெளி கட்டாயமன்று. ஆதலால் இடைவெளியே இல்லாத சொல்லையும் இது பல துண்டுகளாகப் பிரித்துப் பொருத்த முடியும். ஓர் உரையில் உள்ள அலகுகளுக்கு இடையே அவற்றின் எண்ணிக்கையினும் ஒன்று குறைவான இடுக்குகள் உள்ளன. ஒவ்வோர் இடுக்கிலும் வெட்டலாம், வெட்டாமலும் விடலாம். எனவே வழிகளின் எண்ணிக்கை அவ்வளவு இரண்டுகளின் பெருக்கம்.

சொல் பொருந்திவிட்டால் முதல் முயற்சியிலேயே வேலை முடியும். 'திருவேங்கடம்!' என இறுதியில் வியப்புக்குறி இட்டு அனுப்பினால் பொருத்தம் தவறும். இயந்திரம் எல்லா வழிகளையும் முயன்ற பின்னரே 'இல்லை' எனச் சொல்லும். ஏழு எழுத்துகள் என நாம் எண்ணும் கணக்கில் 64 வழிகளே உள்ளன. குறியெண்களைக் கொண்டு இயங்கும் இயந்திரம் 12 அலகுகளைக் காண்பதால் 2,048 வழிகள். ஒருங்குறி உணர்வின்றிப் பைட்டுகளைக் கொண்டே இயங்கும் முறையில், இதே தொடரை 128க்கு மேற்பட்ட பைட்டுகளுக்கு எழுதினால், அலகுகள் 36. வழிகள் ஏறத்தாழ 3,436 கோடி. விநாடிக்குப் பத்துக் கோடி வழிகளை முயல்வதாகக் கொண்டாலும் 340 விநாடிகளுக்கு மேல் ஆகும். ஓர் ஊர்ப்பெயரும் ஒரு வியப்புக்குறியும் ஒரு மையச் செயலகக் கருவை ஆறு நிமிடங்களுக்கு அருகில் முடக்கிவிட முடியும் என்பது இதன் பொருள். தீய நோக்குடன் இவ்வாறு செய்வதே ரீடாஸ் எனப்படும் சேவை மறுப்புத் தாக்குதல்.

தீர்வு எளிது. ஓர் உரையை ஒரே ஒரு வழியில் மட்டும் பிரிக்க இயலுமாறு தொடரைத் திருத்த வேண்டும்:

^த+( த+)*$

இங்கு அடுத்த துண்டு தொடங்க இடைவெளி கட்டாயமாகிறது. இடைவெளி இல்லாத இடத்தில் வெட்ட வழியில்லை. முயற்சிகள் உரையின் நீளத்தளவே ஆகும். ஏற்க வேண்டிய பெயர்கள் மாறுவதில்லை. இறுதியில் எஞ்சும் இடைவெளியை மட்டும் முன்னரே நீக்கிக்கொள்ள வேண்டும். இலக்கண நூலார் விதியில் பொருள் மயக்கம் நேராதவாறு சொல்லமைப்பது போன்றதே இது. மயக்கமற்ற தொடர் விரைவான தொடராகவும் அமைகிறது.

5. நிகழ்ந்த முடக்கங்கள்

இது வெறும் கணக்கன்று. 2016 சூலை 20 அன்று ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் 34 நிமிடங்கள் முடங்கியது. உரையின் இருபுறமும் உள்ள இடைவெளிகளை நீக்கும் எளிய தொடரே காரணம். ஒரு பதிவின் நடுவே ஏறத்தாழ 20,000 இடைவெளிக் குறிகள் தொடர்ந்து வந்தன. அவை இறுதியில் இல்லை என்பதை அறிய, இயந்திரம் ஒவ்வொரு குறியிலிருந்தும் மீண்டும் தொடங்கிச் சோதித்தது. மொத்தச் சோதனைகள் ஏறத்தாழ 20 கோடி. இங்கு வழிகள் அடுக்கடுக்காகப் பெருகவில்லை; நீளத்தின் வர்க்கமாகவே பெருகின. அதுவே போதுமானதாயிற்று. முன்னர்க் குறித்த அகலமற்ற பிரிப்புக்குறியும் அத்தொடரின் எழுத்து வகுப்பில் இடம்பெற்றிருந்தது.

2019 சூலை 2 அன்று கிளவுட்ஃபிளேர் நிறுவனத்தின் வலைச்செயலித் தீயரணில் புதிய விதி ஒன்று உலகெங்கும் ஒருசேர நிறுவப்பட்டது. அதன் உட்பகுதி .*.*=.* என்னும் வடிவில் அமைந்திருந்தது. எதனையும் ஏற்கும் இரு பகுதிகள் அடுத்தடுத்து நின்றதால் பின்வாங்கல் பெருகி, அந்நிறுவனக் கணினிகளின் மையச் செயலகங்கள் முழுக் கொள்ளளவை எட்டின. 27 நிமிடங்கள் நீடித்த அம்முடக்கத்தில் அதன் வழிச்சென்ற இணையப் போக்குவரத்து உச்சத்தில் 82 விழுக்காடு வீழ்ந்தது. மிகையான பயன்பாட்டைத் தடுக்கும் காப்பு ஒன்று, சில வாரங்களுக்கு முன் நடந்த சீரமைப்பில் தவறுதலாக நீக்கப்பட்டிருந்ததும் பின்னர்த் தெரியவந்தது. தாக்குவோர் எவருமில்லை, காவலே வாயிலை அடைத்துக்கொண்டது.

6. வரம்பும் அதன் மறைபொறியும்

இத்தகைய முடக்கத்தைத் தடுக்க முயற்சிகளின் எண்ணிக்கைக்கு வரம்பு விதிக்கலாம். பிஎச்பி மொழியில் பின்வாங்கல் வரம்பு இயல்பாக 10 இலட்சம். மாட்செக்யூரிட்டியின் இரண்டாம் தலைமுறையில் பொருத்த வரம்பின் இயல்பான மதிப்பு 1,500. டாட்நெட் 4.5 பதிப்பு முதலும் ரூபி 3.2 பதிப்பு முதலும் கால வரம்பு விதிக்க வழியுண்டு.

வரம்பைக் கடந்தபின் நிரலகம் சொல்லும் விடையில்தான் இடர் உள்ளது. பிஎச்பியில் பொருத்தச் செயற்கூறு மூன்று விடைகளுள் ஒன்றைத் தரும்: பொருந்தினால் 1, பொருந்தாவிடில் 0, பிழை நேர்ந்தால் 'பொய்'. 'தீங்கான வடிவம் பொருந்தினால் தடு' என எழுதப்பட்ட நிரல் 0 என்பதையும் 'பொய்' என்பதையும் வேறுபடுத்துவதில்லை. தாக்குபவர் உரையை வேண்டுமென்றே நீட்டி வரம்பை மீறச் செய்தால், சோதனை முடியாமலே உரை உள்ளே செல்லும். 'தெரியவில்லை' என்பதைக் காவல் நிரல் 'தீங்கில்லை' என்று கொள்ளக் கூடாது. விடை மூன்று வகைப்படும் என்பதை ஏற்று, மூன்றாவதையும் தடுக்கும் விடையாகவே கொள்ள வேண்டும்.

தமிழுக்கு இதில் மற்றொரு கூறும் உண்டு. ஆங்கில உள்ளீட்டை அளவுகோலாகக் கொண்டு வரம்பைக் குறுக்கினால், எழுத்து ஒன்றுக்கு மூன்று முதல் ஆறு பைட்டுகள் பெறும் தமிழ்க் கட்டுரை எத்தீங்குமின்றியே வரம்பைத் தொட்டுவிடும். வரம்பைத் தளர்த்துவது இதற்குரிய மருந்தன்று. தொடரை மயக்கமற்றதாக்குவதே மருந்து.

7. இழைப் பாதுகாப்பு

வலைச்சேவையகம் பல வேண்டுகோள்களை ஒரே வேளையில் பல இழைகளில் நிகழ்த்துகிறது. ஒவ்வொரு வேண்டுகோளுக்கும் சுருங்குறித்தொடரைப் புதிதாகத் தொகுப்பது வீண்செலவு. ஒருமுறை தொகுத்துப் பலரும் பயன்படுத்துவதே முறை. எதனைப் பகிரலாம், எதனைப் பகிரக் கூடாது என்னும் வினா இங்கு எழுகிறது.

நூலகத்தில் உள்ள அகராதியைப் பலரும் புரட்டிப் பார்க்கலாம். அதனால் அதன் பொருள் மாறுவதில்லை. ஒருவர் எழுதும் குறிப்பேட்டில் மற்றொருவரும் எழுதினால் இருவர் குறிப்பும் கெடும். தொகுக்கப்பட்ட தொடர் அகராதியை ஒத்தது. எந்த இடம்வரை பொருந்தியது, எங்குத் திரும்ப வேண்டும் என்பவற்றைக் குறிக்கும் பணியிடம் குறிப்பேட்டை ஒத்தது. ஜாவாவில் 'பேட்டர்ன்' மாறாப்பொருள், இழைகளிடையே பகிரத்தக்கது. 'மேட்சர்' அவ்வாறு பகிரத்தக்கதன்று என அதன் ஆவணமே கூறுகிறது. பிசிஆர்இ2 நிரலகத்திலும் தொகுத்த தொடர் பொருத்தத்தின்போது மாறுவதில்லை. பொருத்தத் தரவுப் பகுதி இழைக்கு ஒன்றாக அமைய வேண்டும். உடனடித் தொகுப்பான ஜிட் முறையைப் பயன்படுத்தினால் அதற்குரிய அடுக்கு நினைவகமும் ஒரே வேளையில் இரு இழைகளால் கையாளப்படலாகாது.

இவ்வரையறை மீறப்பட்டால் பாதுகாப்பே குலைகிறது. ஒரு 'மேட்சரை' இரு இழைகள் பகிர்வதாகக் கொள்வோம். முதல் இழை தீங்கான உரையை அதில் ஏற்றுகிறது. விடை கேட்பதற்குள் இரண்டாம் இழை 'சங்கரன்கோவில்' என்னும் பெயரை ஏற்றிவிடுகிறது. முதல் இழை பெறும் விடை அந்த ஊர்ப்பெயருக்கு உரியது. தீங்கான உரை உள்ளே செல்கிறது. இப்பிழை கூட்டம் மிகும்போது மட்டும், சிற்சில நேரங்களில் தோன்றுவதால் சோதனைக்கூடத்தில் அகப்படுவது அரிது.

இதனைத் தவிர்க்க நான்கு வழிகள் உண்டு. வேண்டுகோள்தோறும் புதிய பணியிடம் அமைத்தல் எளியது. நினைவக ஒதுக்கீட்டுச் செலவு சிறிது கூடும். இழைக்கு ஒரு பணியிடம் வைத்தல் விரைவானது. இழைகள் பெருகினால் நினைவகமும் பெருகும். பணியிடங்களின் தொகுப்பிலிருந்து எடுத்துப் பயன்படுத்தித் திருப்பி வைத்தல் இடைப்பட்டது. ஒரே பணியிடத்தைப் பூட்டிட்டுக் காத்தல் நான்காவது.

வேகமும் இழைப் பாதுகாப்பும் சந்திக்கும் இடம் இந்தப் பூட்டே. பூட்டிட்டால் விடை பிழையாகாது. ஆயின் பூட்டை வைத்திருக்கும் இழை முன்னர்க் கண்ட 3,436 கோடி வழிகளுக்குள் சிக்கினால், ஏனைய இழைகள் அனைத்தும் வாயிலில் நிற்கும். பூட்டில்லாத அமைப்பில் ஒரு கருவை மட்டும் முடக்கியிருக்கக்கூடிய உள்ளீடு, பூட்டுள்ள அமைப்பில் எட்டுக் கருக்களையும் பயனற்றவை ஆக்குகிறது. இதற்கு அஞ்சிப் பூட்டை நீக்கி, பணியிடத்தை மட்டும் பகிர்ந்தபடியே விட்டால் விடை பிழையாகிறது. எனவே ஒன்றைத் திருத்தும்போது மற்றதனையும் உடன் ஆராய்தல் இன்றியமையாதது.

தொகுத்த தொடர்களைச் சேமித்து வைக்கும் இடத்துக்கும் இது பொருந்தும். பைத்தான் நிரலகம் 512 தொடர்கள் என எல்லை வகுத்துச் சேமிக்கிறது. எல்லையற்ற சேமிப்பு, பயனரே தொடரை அமைக்கும் தேடல் தளங்களில் நினைவகத்தை விழுங்கும். ஜாவாவின் 'ஹேஷ்மேப்' போன்று இழைப் பாதுகாப்பற்ற அமைப்பில் பல இழைகள் ஒருங்கே எழுதினால் சேமிப்பே சிதையும். விதிகள் முன்னரே தெரிந்தவையாயின், சேவையகம் தொடங்கும்போதே அனைத்தையும் தொகுத்து, பின்னர் மாற்றாமல் வைத்தல் நன்று. விதியைப் புதுப்பிக்க நேரின், புதிய தொகுதியை முழுமையாக அமைத்த பிறகு சுட்டியை ஒரே செயலில் மாற்ற வேண்டும். பழைய தொகுதியைப் பயன்படுத்திக்கொண்டிருக்கும் இழைகள் அதனைக்கொண்டே பணியை முடிக்கும்.

8. சோதிக்கும் முறை

வேகத்தை அறிய ஒரே உள்ளீட்டின் நேரத்தை அளந்தால் போதாது. நேரம் வளரும் விதத்தை அளக்க வேண்டும். 'திருவேங்கடம்' என்னும் சொல்லை ஒருமுறை, இருமுறை, நான்குமுறை எனத் தொடர்ந்து எழுதி, இறுதியில் பொருந்தாத குறி ஒன்றைச் சேர்த்து அனுப்ப வேண்டும். நீளம் இருமடங்காகும்போது நேரமும் இருமடங்கானால் தொடர் நன்று. நான்மடங்கானால் வர்க்க வளர்ச்சி. அளவிட இயலாது நீண்டால் அடுக்கு வளர்ச்சி. பொருந்தும் உள்ளீட்டைக் கொண்டு மட்டும் சோதித்தால் இக்குறை வெளிப்படாது.

விடையைச் சோதிக்க ஒவ்வொரு சொல்லையும் ஓகார, ஒகார வடிவங்கள் இரண்டிலும், பிரிப்புக்குறியுடனும் இன்றியும் அனுப்ப வேண்டும். இழைப் பாதுகாப்புக்கு, ஏற்கத்தக்கனவும் தடுக்கத்தக்கனவுமான உள்ளீடுகளைக் கலந்து பல இழைகளில் இடைவிடாது செலுத்தி, ஒவ்வொரு விடையையும் தனி இழையில் முன்பே பெற்ற விடையோடு ஒப்பிட வேண்டும். சி, சி++ மொழி நிரலகங்களுக்கு த்ரெட் சானிடைசர் போன்ற கருவிகள் பகிர்வுப் பிழைகளை நேரே சுட்டும்.

முடிவுரை

மேற்கண்டவற்றால் பின்வருவன பெறப்படுகின்றன. தமிழ் எழுத்து, குறியெண், பைட்டு ஆகியவற்றின் நீளங்கள் வேறுபடுவதால், ஆங்கில உள்ளீட்டில் மறைந்திருக்கும் தொடர்க்குறை தமிழ் உள்ளீட்டில் விரைவில் வெளிப்படுகிறது. அதற்குரிய தீர்வு தமிழ் உள்ளீட்டைத் தடுப்பதன்று. உள்ளீட்டை முதலில் இயல்பாக்கி, மயக்கமற்ற தொடரால் பொருத்தி, இயன்ற இடங்களில் தானியங்கி முறை இயந்திரத்தைக் கையாள்வதே. வரம்பு மீறலைத் தனி விடையாகக் கொள்ள வேண்டும். தொகுத்த தொடரைப் பகிர்ந்து, பணியிடத்தைப் பகிராதிருக்க வேண்டும்.

தமிழ்ப் பெயர்களை மறுக்கும் படிவங்களுக்குப் பாதுகாப்பே காரணம் எனச் சொல்லப்படுவதுண்டு. பெரும்பாலும் அது எழுத்து வகுப்பைத் தவறாக வரையறுத்ததன் விளைவாகும். எழுத்திலக்கணம் அறிந்த தமிழாய்வாளரும் நிரலாளரும் இணைந்து, தமிழ்ப் பெயர், முகவரி, உரைநடை ஆகியவற்றுக்குரிய மயக்கமற்ற தொடர்களையும் அவற்றுக்கான சோதனைச் சொற்றொகுதிகளையும் உருவாக்கித் திறமூலமாக வெளியிடுவது, மேலும் ஆய்வு செய்தற்குரிய களமாகும்.